காவேரியின் மூணு கலர்

திருமலையின் ஏழு வருடக் கடுப்புக்குக் காரணம் ஒரு சட்டை. அதை அவர் ஒரே ஒரு நாள்தான் போட்டார்.

ஊத்தங்கரையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதினாறு வயதில் கத்தரி பிடித்த ஆள் அவர். ஓசூர் பாகலூர் ரோட்டில் துணி வெட்டுகிற யாரையும் கேட்டுப் பாருங்கள். திருமலை சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டால், அதை அழித்து இன்னொரு கோடு போட வேலை இருக்காது. அப்பேர்ப்பட்ட மனுஷனை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கசாட்டா மாஸ்டர்’ என்கிறார்கள். கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் மூன்று நிறத்தில் அடுக்கடுக்காக ஒரு ஐஸ்கிரீம் துண்டை வைப்பார்களே, அது.

இந்தப் பெயருக்குக் காரணம் காவேரி. திருமலையின் முதலாளியம்மா.

ஏழு வருடத்துக்கு முன்னால், நாலு மிஷினோடு ஒற்றை அறையில் கிடந்த காவேரி, ஷெட் பிடித்துப் பதினாலு மிஷின் போட்டாள். ‘காவேரி யூனிஃபார்ம்ஸ்’ என்று போர்டு வைத்தாள். ஷெட்டுக்குக் கிளிப்பச்சை சுவர், ஆரஞ்சு தூண், ராணி கலர் கதவு. பெயின்ட் அடித்தவனே கூலி வாங்கும்போது கண்ணைக் கசக்கினான். அதோடு விட்டாளா? ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் அதே மூன்று நிறத்தில் சட்டை. ஒரு கை கிளிப்பச்சை, மறு கை ஆரஞ்சு, உடம்பு ராணி கலர்.

“நான் போட மாட்டேம்மா. எனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குது” என்றார் திருமலை.

“மாஸ்டர் போடலன்னா பொம்பளைங்க ஒருத்தியும் போட மாட்டாளுங்க. ஒரு நாளுதானே? பூசணிக்காய் உடைச்சதும் கழட்டிடுங்க.”

போட்டார். பூசணிக்காய் உடைக்கும் முன் டீ குடிக்கலாமே என்று எதிர்க்கடைக்குப் போனதுதான் தப்பு. டீக்கடைப் பெரியதம்பி வடிகட்டியைக் கையில் பிடித்தபடி மேலும் கீழும் பார்த்தான். “வாங்க கசாட்டா மாஸ்டர், உருகிடப் போறீங்க, உள்ள நிழல்ல உக்காருங்க” என்றான். கடையில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஊத்தங்கரை பஸ்ஸின் கண்டக்டர் வரைக்கும் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. மருமகனின் போனில் அவர் நம்பர் அந்தப் பெயரில்தான் பதிந்திருக்கிறது என்பதை ஒரு நாள் தற்செயலாகப் பார்த்துவிட்டு, இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார்.

காவேரியிடம் இதைச் சொன்னால் அவள் கேட்கிற ஜாதியா? அவளுக்கென்று ஒரு சித்தாந்தம் வைத்திருந்தாள். “ஒத்தைக் கலர் கண்ணுல படாது மாஸ்டர். ரெண்டு கலர் வெச்சா எந்தக் கட்சின்னு கேப்பானுங்க. மூணு கலர் வெச்சாத்தான் அது கடை” என்பாள்.

“மூணு கலர்லயும் கட்சி இருக்குதும்மா.”

“பளிச்சுனு இருந்தா இல்ல.”

அவள் உடுத்துகிறதும் அந்தக் கணக்குதான். வாடாமல்லிச் சேலை என்றால் எலுமிச்சை மஞ்சள் ரவிக்கை, மயில்கழுத்து வளையல். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு நிறம், பக்கவாட்டு ஒரு நிறம், சீட்டு ஒரு நிறம். மத்தூர் பக்கத்து மானாவாரிக் காட்டில் கேழ்வரகும் அவரையும் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று திருமலை நெடுநாள் யோசித்ததுண்டு. காரணம் ஒரு மழைநாளில் தெரிந்தது. கரண்ட் போய் மிஷின்கள் நின்றிருந்தன. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அவளாகவே சொன்னாள்.

பத்தொன்பது வயதில் அவள் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். அங்கே தலையில் கட்டுகிற துணியில்தான் ஆளின் தரம். டெய்லருக்கு நீலம், செக்கிங்குக்கு வெள்ளை, ஹெல்பருக்கு மஞ்சள். கான்ட்ராக்டில் சேர்ந்த காவேரிக்கு மஞ்சள். மூன்று மாதத்தில் காலர் தைக்கக் கற்றுக்கொண்டு நீலத்துக்காரிகளின் மிஷினிலேயே உட்கார்ந்து வேலை செய்தாள். தலையில் மட்டும் நாலு வருடம் அதே மஞ்சள்.

“கேன்டீன்ல நீலத்துக்கு முதல்ல போடுவாங்க மாஸ்டர். நம்ம முறை வர்றப்ப சாம்பார்ல காய் இருக்காது, வெறும் தண்ணி. தூரத்துல இருந்தே பார்த்துருவாங்க, மஞ்சள் வருதுன்னு. மூஞ்சி யாருக்கும் தெரியாது, துணிதான் தெரியும்.”

திருமலைக்கு அதைக் கேட்டு மனசு பெரிதாக ஒன்றும் உருகிவிடவில்லை. சாம்பாரில் காய் இல்லாத கேன்டீனில் அவரும் தின்றவர்தான். ஒரு மஞ்சள் துணி மேல் இருக்கிற வன்மத்துக்கு ஊரையே சாயத்தில் முக்குவார்களா என்று நினைத்துக்கொண்டார். கரண்ட் வந்ததும் எழுந்து போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் போன தை மாதம் பேட்டரிக் கம்பெனி ஆர்டர் வந்தது.

அதுவரை காவேரி பெங்களூர் கான்ட்ராக்டர் ஒருவருக்குத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலரில் அவர் பெயர்ப்பட்டைதான் போகும். அவர் துணி அனுப்பினால் வேலை, அனுப்பாவிட்டால் பதினாலு பெண்களும் வீட்டில். பேட்டரிக் கம்பெனி நேராக இவளிடமே வந்தது. எழுநூறு சட்டை. ஆண்டு விழாவில் எம்.டி. கையால் எல்லாருக்கும் கொடுக்கப் போகிறார்கள். பிடித்திருந்தால் வருடத்துக்கு இரண்டு தடவை இவளுக்கே ஆர்டர், காலரில் ‘காவேரி’ என்ற பட்டை. கைவிட்டுப் போனால் ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய நாலு மிஷினுக்கே திரும்ப வேண்டியதுதான். இது ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஆர்டரோடு இரண்டு பேர் வந்தார்கள். ஸ்ரீராம் என்று கம்பெனியின் ஹெச்.ஆர். ஆபீசர். ரஞ்சிதா என்று பெங்களூரிலிருந்து ஒரு டிசைனர் பெண். அந்தப் பெண் கருப்புச் சட்டை, கருப்புப் பேன்ட், கருப்புச் செருப்பு போட்டிருந்தாள். ஊருக்கு மூன்று கலர் விற்க வந்தவள் உடம்பில் ஒரு கலர் இல்லை. திருமலை அதை முதலில் கவனித்தார்.

அவள் லேப்டாப்பைத் திறந்து சட்டையைக் காட்டினாள். இடது பாதி ஒரு நிறம், வலது பாதி ஒரு நிறம், காலரும் பாக்கெட்டும் முதுகும் ஒரு நிறம்.

“இது வெறும் கலர் இல்லை அங்கிள், பேலட். டர்க்காய்ஸ்னா நம்பிக்கை. கோரல்னா எனர்ஜி. யெல்லோன்னா சந்தோஷம். மூணும் சேர்ந்து கம்பெனியோட கதையைச் சொல்லும்.”

திருமலை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது மயில்கழுத்து, பப்பாளிப் பழத்தின் உள்பக்கம், கடுகுப் பூ. “ஏம் பாப்பா, நைட் ஷிப்டு முடிச்சு வர்றவன் மூஞ்சியில சந்தோஷம் இல்லன்னா இந்தக் காலரு எடுத்துக் குடுக்குமா?”

முன் மிஷினில் இருந்த சரசம்மா களுக்கென்று சிரித்தாள். கன்னடக்காரி, வாய் சும்மா இருக்காது. “மாஸ்டரே, நம்ம கசாட்டா கம்பெனி வரைக்கும் போயிடுச்சு நோடி!” என்றாள்.

காவேரி யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்ரீராமிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எல்லாருக்கும் இதே சட்டைதானா சார்? கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும்?”

“எல்லாருக்கும் மேடம். ஒன் ஃபேமிலி. எம்.டி.யே இதைத்தான் போடப் போறார்.”

காவேரியின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சம் திருமலைக்கு எரிச்சலாக இருந்தது. அவர்கள் போனதும் நேராகச் சொல்லிவிட்டார். “இந்த ஆர்டர் முடிஞ்சதும் நான் கெளம்பறேம்மா. அத்திப்பள்ளியில பெரிய பாக்டரியில கூப்பிடறாங்க. அங்க வெறும் வெள்ளையும் காக்கியும். இந்தக் கலரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு கூசுது.”

“இதையே அஞ்சு வருஷமா சொல்றீங்க.”

“இந்தத் தடவை நெசமாத்தான்.”

“சரி, இதை வெட்டிக் குடுத்துட்டுப் போங்க” என்றாள் காவேரி. அவர் போவார் என்று அவள் நம்பினாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அதுவும் ஒரு கடுப்பு.

துணி வந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் பப்பாளி நிறத்தை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தால் காகிதம் பச்சையாகத் தெரிந்தது. திருமலை ரஞ்சிதாவையும், அவள் லேப்டாப்பையும், பேலட்டையும், அதைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே துணியை அடுக்கினார். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

கைதான் கெடுத்தது.

சாதாரணச் சட்டையில் இடது முன்பக்கமும் வலது முன்பக்கமும் ஒரே துணி. அதனால் துணியை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்கிற மாதிரி அடுக்கி வெட்டுவார்கள். ஒரு வெட்டில் இடதும் வலதும் ஜோடியாக வந்துவிடும். இந்தச் சட்டை அப்படியல்ல. மயில்கழுத்து இடப்பக்கம் மட்டும், பப்பாளி வலப்பக்கம் மட்டும். துணி மொத்தத்தையும் நல்ல பக்கம் மேலே பார்க்க அடுக்கியிருக்க வேண்டும். முப்பத்தாறு வருடப் பழக்கம். திருமலை வழக்கம்போல முகம் பார்க்க அடுக்கி, வழக்கம்போல சுத்தமாக வெட்டிவிட்டார். மயில்கழுத்திலும் பாதி இடது, பாதி வலது. பப்பாளியிலும் அப்படியே.

தைத்தவர்களுக்கும் தெரியவில்லை. ஷெட்டில் இரண்டு வரிசை மிஷின். ஒரு வரிசைக்குப் போன துணிக்கட்டில் எல்லாமே சரியான பக்கம், மறு வரிசைக்குப் போனதில் எல்லாமே மாறின பக்கம். எந்தத் துண்டு எதோடு பொருந்துகிறதோ அதைச் சேர்த்து அவரவர் தைத்துக்கொண்டே போனார்கள். சாம்பிள் சட்டை காவேரியின் அறையில் பாலிதீன் கவருக்குள் தொங்கியது. யார் போய்ப் பார்த்தார்கள்?

எழுநூறும் முடிந்து, இஸ்திரிக்காக இரண்டு இரும்புக் குழாயில் எதிரெதிரே மாட்டிய பிறகுதான் சரசம்மா நடுவில் நின்று வாயில் கை வைத்தாள். “அய்யோ சிவனே. என்ன மாஸ்டரே, கண்ணாடி பார்க்குதே சட்டை!”

இந்தக் குழாயில் மயில்கழுத்து இடது. அந்தக் குழாயில் மயில்கழுத்து வலது. ஒவ்வொரு சட்டையும் எதிரில் இருந்த சட்டையில் தன் முகத்தைப் பார்ப்பது போலத் தொங்கியது. முன்னூற்றைம்பது இப்படி, முன்னூற்றைம்பது அப்படி.

காவேரி வந்து ஒவ்வொரு குழாயாக நடந்து பார்த்தாள். திரும்பி நடந்து பார்த்தாள். அவள் கத்துவாள் என்று திருமலை காத்திருந்தார். கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி, அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போயிருக்கலாம்.

“கண்ணு கூசுதுன்னு சொன்னீங்க இல்ல மாஸ்டர்” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் கன்னத்தில் அவள் அறைந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் ஸ்ரீராம் பார்க்க வந்தான். அந்தப் பெண் ரஞ்சிதாவும் கூட வந்தாள், இந்தத் தடவையும் கருப்பு. காவேரி மறைக்கவில்லை. “எங்ககிட்ட தப்பு நடந்துபோச்சு சார். பாதிச் சட்டை பக்கம் மாறிடுச்சு. பத்து நாள் குடுங்க, என் செலவுல துணி எடுத்து மாத்திக் குடுத்துடறேன்” என்றாள். யார் தப்பு என்று சொல்லவில்லை. திருமலை கட்டிங் மேஜைக்குப் பின்னால் நின்று சுண்ணக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீராம் இரண்டு குழாயையும் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பத்து நிமிடம் கழித்து வந்தவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“எதையும் மாத்தாதீங்க மேடம். பெரிய தலைவலி ஒண்ணைத் தீர்த்துட்டீங்க. பர்மனென்ட்டுக்கு இந்தப் பக்கம். கான்ட்ராக்டுக்கு அந்தப் பக்கம். எல்லாம் ஒரே கலர்தான், ஆனா கேட்ல செக்யூரிட்டிக்குத் தூரத்துலயே தெரிஞ்சுரும். பஸ்ஸு, கேன்டீன், எல்லா இடத்துலயும் வசதி. ஆள் கணக்கும் கிட்டத்தட்ட சரியா வருது. ஒரு இருபது மட்டும் மாத்தி வெட்டிக் குடுங்க போதும்.”

“மிரர்டு ஐடென்டிட்டி” என்றாள் ரஞ்சிதா, கண் விரிய. “பியூட்டிஃபுல். இதை நானே யோசிச்சிருக்கணும்.”

திருமலைக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை. அரைத் தூக்கத்தில் கை செய்த பிழை, அந்தப் பெண்ணின் வாயில் விழுந்ததும் டிசைன் ஆகிவிட்டது. நாளைக்கு இதையே லேப்டாப்பில் போட்டு வேறு எவனுக்கோ விற்பாள். ஆனாலும் உண்மையைச் சொன்னால், அவருக்கு உடம்பு லேசாகிவிட்டது. துணி நஷ்டம் இல்லை. ஆர்டர் போகவில்லை. அடுத்த ஆர்டரும் உண்டு. நிம்மதியாகப் போய்ப் பெரியதம்பி கடையில் டீயும் இரண்டு போண்டாவும் தின்றார். “என்ன கசாட்டா, மூஞ்சி தெளிஞ்சிருக்குது?” என்று பெரியதம்பி கேட்டதற்குக் கூடக் கோபம் வரவில்லை.

காவேரியின் முகம்தான் தெளியவில்லை. ஸ்ரீராம் சொன்னதற்கெல்லாம் “சரிங்க சார்” என்று தலையை ஆட்டினாள். பிறகு அன்று முழுக்க இரண்டு குழாய்க்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டார் திருமலை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கிறது, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளாமல் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

மிச்சம் இருந்தது பெயர் மட்டும். ஒவ்வொரு சட்டையின் பாக்கெட்டிலும் போடப்போகிறவரின் பெயரை நூலில் தைத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலை சரசம்மாவுடைய எம்பிராய்டரி மிஷினுக்கு. அதற்கு முன்னால் பெயர்ச் சீட்டை அந்தந்தச் சட்டையில் குண்டூசியால் குத்தித் தர வேண்டியது திருமலை. மூன்றாம் நாள் காலையில் ஸ்ரீராம் இரண்டு லிஸ்ட் அனுப்பினான். ஒன்றின் தலையில் ‘பர்மனென்ட்’, இன்னொன்றின் தலையில் ‘கான்ட்ராக்ட்’. சீட்டுகளும் இரண்டு டப்பாவில் தனித்தனியாக வந்தன.

அன்றைக்குத் திருமலைக்கு ஷெட்டில் கடைசி நாள். திங்கட்கிழமை அத்திப்பள்ளியில் சேர வேண்டும். அந்த இருபது சட்டையையும் மாற்றி வெட்டித் தைத்தாகிவிட்டது. சீக்கிரம் குத்தி முடித்துவிட்டு மதிய பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று டப்பாவைத் திறந்தார்.

காவேரி வந்தாள். பர்மனென்ட் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். கான்ட்ராக்ட் டப்பாவை அதன் மேலேயே கவிழ்த்தாள். காயப்போட்ட சோளத்தைக் கிளறுகிற மாதிரி இரண்டு கையாலும் கலைத்துவிட்டாள்.

“என்னம்மா பண்ற?” திருமலை பதறிப்போனார்.

“லிஸ்ட்டைப் பார்க்காதீங்க மாஸ்டர். சீட்டுல சைஸ் இருக்குது பாருங்க, அதை மட்டும் பாருங்க. அந்த சைஸ்ல எந்தக் குழாயில கை படுதோ அந்தச் சட்டையில குத்துங்க.”

“ஏய், நூல்ல தெச்சுட்டா பிரிக்க முடியாதும்மா. மேடையில பேரைச் சொல்லிக் குடுக்கற சட்டை.”

“அதனாலதான் சொல்றேன்.”

“அடுத்த ஆர்டர் கெடைக்காது.”

“தெரியும்.”

“ஷெட்டு?”

“நாலு மிஷின்ல ஆரம்பிச்சவதானே.” அவள் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். மாடசாமி, எல் சைஸ். அவன் எந்த டப்பாவிலிருந்து வந்தவன் என்று சீட்டைப் பார்த்து இனி யாரும் சொல்ல முடியாது. “எல்லாருக்கும் ஒரே சட்டைன்னு என்கிட்ட சொல்லித்தானே குடுத்தாங்க? நான் தெக்கிற சட்டையப் பார்த்து ஒருத்தனுக்குக் காய் இல்லாத சாம்பாரு ஊத்தக் கூடாது மாஸ்டர்.”

“சாம்பாரு, சாம்பாரு! இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி ஊத்தின சாம்பாருக்கு இப்ப ஷெட்டைக் கொளுத்துவியா? உனக்குப் புத்தி மட்டும் ஒத்தைக் கலர்தாம்மா.” திருமலை கத்தினார். பதினாலு மிஷினும் நின்றுவிட்டன. சரசம்மாவுக்கும் விஷயம் தெரியும், ஷெட் போனால் போகிற முதல் பத்துப் பேரில் அவளும் ஒருத்தி. ஆனால் அவள் மிஷினை ஆன் செய்து, நூலைக் கோத்து, சீட்டுக் குத்தின முதல் சட்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தக் கையைப் பார்த்துத்தான் திருமலை குண்டூசி டப்பாவை இழுத்தார். “அந்த ஸ்ரீராமு போனைப் போட்டுக் கேப்பானே, அப்ப என்ன சொல்லுவ?”

காவேரி முதன்முறையாகச் சிரித்தாள், மூன்று நாளில்.

“கட்டிங் மாஸ்டருக்கு இடது வலது தெரியாது, சீட்டு குத்தினதும் அவர்தான், வேலையை விட்டே அனுப்பிட்டேன்னு சொல்லுவேன். நீங்கதான் போயிடறீங்களே.”

“அடிப்பாவி! இந்த ரோடு பூரா பரவிடுமேம்மா. ஏழு வருஷமா கசாட்டான்னு கூப்பிடறது பத்தாதா?”

“உங்க நம்பருக்கும் போன் பண்ணுவான். எடுத்து, ஆமான்னு மட்டும் ஒரு தடவை சொல்லிடுங்க மாஸ்டர்.”